மாமனாரின் மேல்வரிசை

பல்லுக்காரருக்கு மனிதர்களை முகத்தை வைத்து அடையாளம் தெரியாது, வாயை வைத்துத்தான் தெரியும். பேருந்தில் எதிரே இருப்பவர் கொட்டாவி விட்டால் இவர் கழுத்தை நீட்டி எட்டிப் பார்ப்பார். அவர் என்ன நினைப்பாரோ என்ற கூச்சமெல்லாம் கிடையாது. தொழில் அப்படி. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறையில் இவர் அதை வைத்து பிளாஸ்டர் அச்சு வார்த்து, மெழுகில் பல்லை வரிசையாக நிறுத்தி, ரோஜா நிற ஈறு வைத்து, பல்செட் கட்டித் தருவார். யாருக்குக் கட்டுகிறோம் என்று இவருக்குத் தெரியாது. யார் வாயிலும் இவர் கை வைத்ததும் இல்லை, வைக்கவும் கூடாது. அது டாக்டர்களின் வேலை.

இந்த அப்பிராணியை 'ஃப்ராடு' என்று கூப்பிட அந்த வீட்டு மாடியில் ஒருவர் இருந்தார். வேறு யார், மாமனார்தான்.

மாமனார் ஓய்வு பெற்ற ரயில் டிக்கெட் பரிசோதகர். கழிப்பறைக்குள் ஒளிந்தவனையும், மீசை முளைத்த மகனுக்கு அரை டிக்கெட் எடுத்தவனையும் பிடித்துப் பிடித்தே காலம் போனதில், உலகத்தில் நல்லவன் என்று ஒருத்தன் இருப்பான் என்ற நம்பிக்கையே அவருக்கு விட்டுப்போயிற்று. ஆங்கிலத்தில் எத்தனையோ வார்த்தை தெரிந்தும் அவர் வீட்டில் புழங்கியது இந்த ஒன்றைத்தான். தண்ணீர் கலந்த பால் ஃப்ராடு. மழை வரும் என்று சொல்லிவிட்டு வெயிலைக் காட்டிய வானொலி ஃப்ராடு. மடியில் படுத்துக் கொஞ்சிவிட்டுப் பக்கத்து வீட்டில் போய்ச் சாப்பிடும் பூனை பலே ஃப்ராடு. மாப்பிள்ளைக்கு மரியாதை குறையக் கூடாது என்பதால், "வாங்க ஃப்ராடு, உக்காருங்க" என்பார். பன்மையில் ஒரு குறையும் இருக்காது.

காரணம் இல்லாமல் இல்லை. சம்பந்தம் பேசிய தரகர் 'மாப்பிள்ளை பல் டாக்டர்' என்று அடித்துவிட்டிருந்தார். பெண் வீட்டார் அதை நம்பி அழைப்பிதழிலும் போட்டுவிட்டார்கள். தன் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்ததும் இவர் ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் பெண் கை நழுவிப் போய்விடுமோ என்று பயம். கல்யாணம் முடிந்து, யாரோ ஒரு அத்தை கடைவாய்ப் பல் வலிக்கிறது என்று வாயைத் திறந்து காட்டியபோதுதான் குட்டு உடைந்தது.

மனைவி மட்டும் அந்த வார்த்தையை ஒப்புக்கொள்ளவே மாட்டாள். வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அந்தச் சொல்லை விரல் தேய அடித்தவள்.

"சும்மா சும்மா ஃப்ராடுன்னு சொல்லாதீங்கப்பா. அது அவ்வளவு லேசான வார்த்தை இல்ல. ஒருத்தர் பொய் சொல்லணும். பொய்னு தெரிஞ்சே சொல்லணும். எதிராளி அதை நம்பணும். நம்பினதால அவருக்கு நஷ்டம் வரணும். இதுல ஒண்ணு குறைஞ்சாலும் கேஸ் நிக்காது. எனக்கு என்ன நஷ்டம், சொல்லுங்க?"

"டாக்டர் மாப்பிள்ளைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தேனே, என் மூஞ்சிய எங்க கொண்டு போய் வைக்கிறது?"

"மூஞ்சியெல்லாம் நஷ்டக் கணக்குல வராதுப்பா."

வீட்டில் இந்த வழக்கு வருஷக்கணக்காக நடந்துகொண்டிருந்தது. தீர்ப்பு மட்டும் வந்தபாடில்லை.

அப்படியிருக்கும்போது மாமனாரின் மேல்வரிசைப் பற்கள் ஆட்டம் கண்டன. ஈறு கெட்டுப்போய், ஒன்று விடாமல் பிடுங்க வேண்டியதாயிற்று. பிடுங்கிய பிறகு மனிதர் பாதியாக இளைத்துவிட்டார். கஞ்சியும் பாலும்தான் சாப்பாடு. அதைவிடப் பெரிய இடி, அவருக்குப் பிடித்த வார்த்தை வாயில் வர மறுத்தது. கீழுதட்டில் மேல்பல் படாமல் 'ஃப்' எங்கே வரும்? காற்றுதான் வந்தது. ஒரு நாள் முயன்று பார்த்தார், பூனை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து பேச்சையே குறைத்துக்கொண்டார். மாடியில் சத்தம் இல்லாத வீடு என்னவோ போல இருந்தது. மகள் தட்டைத் தூக்கிக்கொண்டு மேலே போவாள், அப்படியே திரும்பக் கொண்டுவருவாள்.

"வீட்டுலயே பல்செட் கட்டுறவர் இருக்கும்போது ஏம்ப்பா இப்படிப் பட்டினி கிடக்குறீங்க?"

"அந்தாள் கை பட்ட பல்லை நான் வாயில வைக்க மாட்டேன். பட்டினியே கிடந்துக்குறேன்."

கடைசியில் அவரே போய் ஒரு பல் டாக்டரம்மாவைப் பார்த்தார். பின்பக்கப் பட்டறை எதற்கும் அனுப்பாமல் உங்கள் கையாலேயே கட்டித் தர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அந்த அம்மாள், வயசானவர், போகட்டும் என்று, "சரிங்கய்யா, நானே கட்டுறேன்" என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு, வழக்கம்போல அளவைப் பல்லுக்காரருக்கு அனுப்பிவிட்டாள்.

அச்சை வார்த்துக் கையில் எடுத்ததுமே பல்லுக்காரருக்குத் திக்கென்றது. மேலண்ணத்தின் நடுவில் எலும்பு சின்னதாகப் புடைத்திருந்தது. இந்தப் புடைப்பு அவருக்கு மனப்பாடம். மாமனார் தலையைப் பின்னால் சாய்த்துத் திட்டும்போதெல்லாம் இவர் தலைகுனிந்து நிற்பதாக எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் இவர் அந்த வாய்க்குள்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா போன் பண்ணினாள். "அண்ணா, இவர் கொஞ்சம் முன்கோபக்காரர். பேச்சு நல்லா வரணும்கிறார். 'ஃப' மட்டும் சுத்தமா வரணுமாம். பார்த்துப் பண்ணுங்க."

தன்னைத் திட்டுவதற்கான சாமானைத் தானே செய்து கொடுக்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? பல்லுக்காரர் சிரித்துக்கொண்டார். சிரித்து முடித்ததும் பயம் வந்தது. சொன்னால் கிழவர் பல்லைத் தொட மாட்டார், மறுபடியும் கஞ்சிதான். சொல்லாவிட்டால் அழைப்பிதழைப் பார்த்து வாயை மூடிக்கொண்ட அதே ஆள்தான் இன்னும். இந்தத் தடவை நிஜமாகவே ஃப்ராடு. மனைவியிடம் கேட்கலாம் என்றால், அவளுக்குப் பொய்யே வராது, அப்பாவிடம் போய் உளறிவிடுவாள். கிழவர் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் என்று முடிவு பண்ணினார்.

ஒழுங்காகக் கட்டியிருந்தால் பிழைத்திருப்பார். பல்லை நிறுத்தும்போது கை தன்பாட்டுக்கு இடதுபக்க முன்பல்லை ஒரு பொட்டு சாய்த்து, பக்கத்துப் பல்லின் மேல் லேசாக ஏற்றிவிட்டது. மாமனாரின் சொந்தப் பல் அப்படித்தான் இருந்தது. நிமிர்த்திப் பார்த்தார். யாரோ வேற்றாள் சிரிக்கிற மாதிரி இருந்தது. மறுபடியும் சாய்த்து வைத்தார். டாக்டரம்மாவிடம் அவர் போனது மேல்பல்லெல்லாம் போன பிறகு. இப்படி ஒரு பல் இருந்ததே அவளுக்குத் தெரியாது.

மெழுகில் நிறுத்திய பல்லை மாமனார் வாயில் வைத்துப் பார்த்த அன்று அவளே போனில் சொன்னாள். "அண்ணா, முன்பல் ஒண்ணு கோணலா இருக்கே, நிமிர்த்திடலாமான்னு கேட்டேன். நாக்கால தடவித் தடவிப் பார்த்தார். தொடக்கூடாதுன்னுட்டார்."

"வேற ஏதாவது சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லலண்ணா. கண்ணாடியைக் கேட்டு வாங்கி ஒரு தடவை சிரிச்சுப் பார்த்துக்கிட்டார்."

பல்செட் வந்தது. மாமனார் கீழே இறங்கி வந்து எல்லோருடனும் உட்கார்ந்து இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டுப் பூனையைப் பார்த்து, "ஃப்ராடு!" என்றார். கணீரென்று வந்தது. மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறகு அவர் சிரித்தார். மகள் அந்தச் சிரிப்பைப் பார்த்தாள், பார்வையை மெதுவாகப் புருஷன் பக்கம் திருப்பினாள். பல்லுக்காரர் அவசரமாகத் தண்ணீர் குடித்தார்.

கை கழுவுகிற இடத்தில் மடக்கிவிட்டாள்.

"ஏங்க, அந்தக் கோணப்பல்லு டாக்டரம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

"அது... தற்செயலா..."

"எங்கிட்டயேவா?"

இவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "உன் கணக்குப்படி பார்த்தா இது ஃப்ராடுதானே? தெரிஞ்சே மறைச்சேன். அவரும் நம்பிட்டார்."

"நஷ்டம் யாருக்குங்க? அவர் சாப்பிடுறார். நல்ல பேரு டாக்டரம்மாவுக்குப் போச்சு, நஷ்டம் உங்களுக்குத்தான். தானே ஏமாத்தி தானே நஷ்டப்படுறதுக்கு எந்தச் சட்டத்துலயும் இடம் இல்ல." சொல்லிக்கொண்டே அவர் சட்டைக் காலரைச் சரி பண்ணிவிட்டாள். கோபம் அதற்கு மேல் நிற்கவில்லை.

ஆனால் இவருக்கு மனசு ஆறவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மாமனார் வாயைத் திறந்து காட்டி, "டாக்டர் கட்டின பல்லு" என்று ஓரக்கண்ணால் இவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஒவ்வொரு தடவையும் இவருக்கு நெஞ்சில் சுருக்கென்றது. தன் வேலையைத் தன் காது கேட்க அடுத்தவர் பெயரில் புகழ்ந்தால் யாருக்குத்தான் வலிக்காது?

ஒரு காலையில் பட்டறை வாசலில் நிழல் விழுந்தது. மாமனார் அந்தப் படியை அதுவரை மிதித்ததே இல்லை. உள்ளே வந்து, அலமாரியில் வரிசையாக இருந்த பிளாஸ்டர் தாடைகளைப் பிரயாணிகளைப் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"கீழ்வரிசையும் ஆடுது."

"டாக்டரம்மாவைப் பாருங்க மாமா."

"அந்தப் பொண்ணா? அது ஒரு ஃப்ராடு. தன் கையாலயே கட்டினேன்னு சத்தியம் பண்ணாத குறை. நானும் நம்பி முழுக் காசும் குடுத்தேன். என் பொண்ணு சொல்ற கணக்குல எல்லாம் பொருந்துது."

பல்லுக்காரர் கையிலிருந்த மெழுகைக் கீழே வைத்தார். "மாமா, உங்களுக்கு..."

"நாக்குக்குத் தெரியாதாய்யா? பல்லு முளைச்ச நாளா தடவின கோணல், அதை அந்தப் பொண்ணு எங்க பார்த்துச்சு?" கிழவர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இந்தாங்க, அளவு எடுங்க." வாயைத் திறந்தார்.

இவர் கை முன்னால் போயிற்று. அப்படி ஒரு ஆசை. பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் எடுக்கக் கூடாது மாமா. வாயில கை வைக்கிறது டாக்டர் வேலை. அந்தம்மா அவ்வளவு சரியா அளவெடுத்ததாலதான் நான் கட்டினது ஒட்டுச்சு. அன்னிக்கு அழைப்பிதழைப் பார்த்துட்டுச் சொல்லாம இருந்தது தப்பு. இன்னிக்குச் சொல்றேன். நான் டாக்டர் இல்ல மாமா."

மாமனார் வாயை மூடினார். முக்காலியை விட்டு எழுந்தார். "சட்டையை மாட்டுங்க, போகலாம்" என்றார்.

டாக்டரம்மாவின் அறையில் கூட்டம். தன் முறை வந்ததும் மாமனார் சாய்வு நாற்காலியில் ஏறவில்லை. வெளியே பெஞ்சின் ஓரத்தில் ஒடுங்கி நின்றவரை முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்தார். போனில் குரலாகவே பழகிய அந்த அம்மாள் ஆளைத் தெரியாமல் பார்த்தாள்.

"இவர் யாருங்கய்யா?"

கிழவர் தொண்டையைச் செருமினார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி, ரயிலில் பெட்டி முழுக்கக் கேட்கிற அதே குரலில் சொன்னார்:

"என் மாப்பிள்ளை. டாக்டர் இல்ல. பல்லு கட்டுறவர்."