ஐனோவின் தலைக்குப் பொறுப்பானவர்

சமையலறைத் தொட்டி நிறைவதற்குள் டேரில் லேத்தினென் மூன்று தரம் முழங்கையை விட்டு வெந்நீரின் சூட்டைப் பார்த்துவிடுகிறார். மூன்றாவது தரம், "சரி ஐனோ, இறங்கலாம்" என்கிறார். ஐனோவுக்கு ஒன்பது வாரம் ஆகிறது. அவள் கொட்டாவி விடுகிறாள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, இடது முன்கையில் அவளை நீளமாகப் படுக்கவைத்து, வலது கையில் பல் தேய்க்கும் பிரஷ்ஷை எடுக்கிறார். ஆறு பிரஷ் வாங்கிவந்து, ஒவ்வொன்றையும் தன் கண்ணிமையில் தேய்த்துப் பார்த்ததில், அவள் தலைக்கு ஆகும் அளவுக்கு மென்மை என்று தேறியது இது ஒன்றுதான். மற்ற ஐந்தையும் வைத்து அந்த வீட்டில் அடுத்த கோடை வரைக்கும் பல் தேய்க்கலாம்.

டேரிலுக்கு நாற்பது வயது. ஆறடி மூன்று அங்குலம். தாடிக்குள் எப்போதும் ஏதாவது ஒரு ரொட்டித் துணுக்கு இருக்கும். வடக்கு மின்னசோட்டாவில், ஏரிகள் நவம்பரிலேயே உறையத் தொடங்கும் அந்தச் சிற்றூரின் ஐஸ் ஹாக்கி அரங்கில் பதினேழு வருஷமாக ஐஸ் சீவும் வண்டி ஓட்டுகிறார். வண்டியின் கத்தி தளத்தைக் காகிதக் கனத்துக்குச் சீவும். பின்னாலேயே வெந்நீர் மெல்லிய பூச்சாகப் பரவும். அதன்பிறகு அது இறுகும்வரை ஒருவரும் கிட்டே போகக்கூடாது. "சீவு, ஊத்து, விட்டுடு" என்பார். வேலையைப் பற்றி அவரிடம் யார் என்ன கேட்டாலும் இந்த மூன்று சொல்தான் பதில். மனைவி கிரெட்டா குழந்தை வளர்ப்பைப் பற்றிக் கேட்டபோதும் இதையேதான் சொன்னார் என்று பேச்சு.

ஐனோவின் தலையில் பொருக்கு கண்டது ஆறாவது வாரத்தில். மஞ்சளாக, எண்ணெய்ப் பசையோடு, மீன் செதில் மாதிரி. டாக்டர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது குழந்தையைத் தொந்தரவே பண்ணாது. அப்பாவைத்தான் பண்ணும். எண்ணெய் தடவி மெதுவா பிரஷ் பண்ணுங்க. நகத்தால மட்டும் பேத்தெடுக்காதீங்க." அன்றிலிருந்து குளிப்பாட்டும் நேரத்தில் டேரில் தன் வலது கட்டைவிரலுக்கு மருந்துக்கடைப் பிளாஸ்டர் சுற்றிக்கொள்கிறார். விரலை அவர் நம்பவில்லை.

கிரெட்டா தபால் நிலையத்தில் வேலைக்குத் திரும்பிய திங்கட்கிழமை, வாசலில் பூட்ஸை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "பால் என் பொறுப்பு. துணி பாதிப் பாதி. தலை உன்னோடது. ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம், ஞாபகம் இருக்கில்ல? குல்லாவைக் கழட்டித்தான் தண்ணி ஊத்துவாங்க."

ஞாபகம் இல்லாமலா? எண்பது பேர் வருவார்கள். லேத்தினென் குடும்பம் மட்டுமே முப்பது. தேவாலய நடையில் ஒரு பலகை உண்டு. அந்த வருஷம் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளின் படமெல்லாம் அதில் தொங்கும். எல்லாத் தலையும் முட்டை மாதிரி இருக்கும். அவ்வளவு பேர் நடுவில், தன்னிடம் ஒப்படைத்த ஒரே ஒரு தளம் பொருக்குத் தட்டி நிற்பதா?

வேலை தொடங்கியது. அரங்கில் மதியம் இரண்டு மணிக்கு வண்டியை நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டில் விட்டிருந்த ஐனோவை வாங்கிக்கொண்டு, மூன்று மணிக்குத் தொட்டி முன்னால் நிற்பார். தலையை ஹாக்கித் தளம் மாதிரி மனசுக்குள் கோடு போட்டுப் பிரித்துக்கொண்டார்: வலது மூலை, இடது மூலை, பின்பக்கம் கோல் எல்லை, உச்சியில் துடிக்கும் மென்மையான இடம் நடுவட்டம். தபால் நிலையத்துக்குத் தினமும் நாலு மணிக்கு போனில் நிலவரம் போகும். கிரெட்டா போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். கடிதம் பிரிப்பவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கூடிவிடுவார்கள்.

"கோல் எல்லை எப்படி இருக்கு, டேரில்?" என்று கேட்டாள் கிரெட்டா.

"தடிமனா இருக்கு."

"நேத்தும் அதையேதானே சொன்ன?"

"நேத்தைவிடத் தடிமன்."

அதுதான் அவருக்குப் புரியவில்லை. எண்ணெய் தடவுகிறார், பிரஷ் போடுகிறார், செதில் கொஞ்சம் எழும்புகிறது. பிறகு முறைப்படி, வெதுவெதுப்பான எண்ணெயைக் கடைசிப் பூச்சாக மெல்லிசாகப் பரப்பி, குல்லா மாட்டி, இறுகட்டும் என்று விட்டுவிடுகிறார். செவ்வாய்க்கிழமை ஒரு பூச்சு. புதன்கிழமை இரண்டு. "முதல் தண்ணி பிடிக்கலைன்னா இன்னொரு தண்ணி, அவ்வளவுதான்" என்று ஐனோவிடம் சமாதானம் சொன்னார். ஐனோவின் தலை சமையலறை விளக்கையே திருப்பிக் காட்டியது. குல்லாவைப் பிழிந்தால் முட்டை பொரித்துவிடலாம்.

வியாழக்கிழமை கிரெட்டாவின் அக்கா லொரெய்ன் வந்தாள். மூன்று பிள்ளை பெற்றவள். ஐனோவுக்கு ஞானத்தாயும் அவள்தான். குல்லாவை உயர்த்தினாள். அது பிசுக்கென்று ஒரு சத்தம் போட்டது. லொரெய்ன் குளிர்சாதனப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, அப்படியே சறுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"டேரில்... டேரில், இரு, எனக்கு மூச்சு வரட்டும். நீ இவளைக் குளிப்பாட்டல. இவ தலையில ஐஸ் போட்டிருக்க!"

"சீவு, ஊத்து..."

"ஊத்தினதை அலசணும்! எண்ணெய் பொருக்கை இளக்கத்தான். கால் மணி ஊறட்டும், பிரஷ் போடு, அப்புறம் ஷாம்பு. ஒரு சொட்டு எண்ணெய் நிக்கக்கூடாது. நின்னா செதிலெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்."

"அப்ப கடைசிப் பூச்சு?"

"கடைசிப் பூச்சே கிடையாது."

"வெறுமனே விடறதா? பாதுகாப்பு ஒண்ணும் இல்லாம?"

"அது தலை, டேரில். அதுமேல யாரும் சறுக்கப் போறதில்ல."

தூங்கும் ஐனோவைக் கையில் ஏந்தியபடி டேரில் உட்கார்ந்தார். பதினேழு வருஷத் தொழில் ஞானம் கண் முன்னால் நுரையோடு சாக்கடையில் போனது. பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, தோள் குலுங்கியது. அந்தக் குலுக்கலில் ஐனோ விழித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக அவரைப் பார்த்து முழு வாயையும் திறந்து சிரித்தாள். லொரெய்ன் அதை வாயுத் தொல்லை என்றாள். டேரில் ஏற்கவில்லை. இன்றுவரை ஏற்கவில்லை.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு தபால் நிலையத்தில் கைதட்டல். "வலது மூலை சுத்தம்! கோல் எல்லை முக்கால்வாசி! சும்மா துண்டு துண்டா வருது, கிரெட்டா, நீ பார்க்கணுமே!" சனிக்கிழமை பின்பக்கம் முழுக்க முடிந்தது. அடியில் இருந்த தோல் இளஞ்சிவப்பாக, புத்தம் புதிதாக இருந்தது. மிச்சம் ஒன்றே ஒன்று: நடுவட்டத்தின் மேல், சட்டைப் பொத்தான் அளவுக்கு. ஓரம் எழும்பியிருந்தது, நடுவில் பிடித்திருந்தது.

அரங்கில் கூட வண்டி ஓட்டும் ஸ்டான் அன்று வீட்டுக்கு வந்திருந்தான். எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரே இழு, வந்துடும். நாளைக்குப் படம் அழகா இருக்கும்" என்றான்.

டேரில் குனிந்து அந்த ஓரத்தைப் பார்த்தார். அதன் கீழே ஐனோவின் உச்சி மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"தயாராகல ஸ்டான். தயாராகாததுல நான் யாரையும் விடறதில்ல."

"எண்பது பேரு பார்ப்பாங்கடா."

"பார்க்கட்டும்."

சொல்லிவிட்டாரே தவிர, ஞாயிற்றுக்கிழமை அவருடைய காது நுனி சிவந்துதான் இருந்தது. தேவாலயத்தில் ஞானஸ்நானக் கல்தொட்டி முன்னால் நின்று, பாஸ்டர் ஹோல்ம் தலையசைத்ததும் அவரே குல்லாவின் நாடாவை அவிழ்த்தார். முன்வரிசைகளில் முப்பது லேத்தினென்கள் கழுத்தை நீட்டினார்கள். பாஸ்டர் ஒரு கை நீர் ஊற்றினார், இரண்டாவது கை, மூன்றாவது. ஐனோ அலறினாள். தபால் நிலையத்துக்காரர்கள் கைதட்டப் போய், இடம் நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

தொட்டி நீரில் பொத்தான் அளவுக்கு ஒரு மஞ்சள் செதில் தானாகவே கழன்று மிதந்தது. பாஸ்டர் துவட்டுவதற்குத் துண்டை நீட்டினார். டேரில் அதைக் கவனிக்கவில்லை. பெரிய சுண்டுவிரலை நீருக்குள் மெதுவாக இறக்கி, அந்தச் செதிலை விரல் நுனியில் ஏற்றியெடுத்து, சட்டைப் பையில் போட்டு, பையின் பொத்தானை மாட்டிக்கொண்டார்.