அக்காவின் பச்சைக்கல் சுவர்

எங்கள் கூடத்தில் இன்வெர்ட்டருக்கு அடியில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. மேல்மூடியில் கறுப்புச் சாயத்தில் நம் நாட்டின் பெயர் எழுதியிருந்தது. பக்கவாட்டில் உடையும் பொருள் என்பதற்கு ஒரு கண்ணாடிக் கோப்பைப் படம், மேல்நோக்கி ஓர் அம்பு, மரத்தைச் சூடேற்றிப் பூச்சியைக் கொன்றாயிற்று என்பதற்கு ஒரு முத்திரை. வருகிறவர்கள் வாஷிங் மெஷின் வந்த பெட்டியா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். உள்ளதைச் சொல்ல ஆரம்பித்தால் காபி ஆறிவிடும். உள்ளே இருப்பது செங்கல். என் அக்கா உலகக் கலைக் கண்காட்சிக்கு அனுப்ப இருந்த செங்கல்.

எங்கள் அம்மா திருமுக்கூடல் பக்கத்துச் சூளைகளில் செங்கல் அறுத்தவள். சுடுவதற்கு முன் இருப்பதைப் பச்சைக்கல் என்போம். அச்சிலிருந்து எடுத்ததைப் பாதி ஈரத்தில் நிமிர்த்தி வைக்கும்போது விரல் பதிந்துவிடும். விரல் பதிந்த கல் மட்டமான கல் என்று மேஸ்திரி திட்டுவார். அம்மாவுக்கு வலது கை நடுவிரல் பாதிதான் உண்டு. அதனால் அவள் கல்லை அடையாளம் காட்ட வேறு சாட்சி வேண்டாம், திட்டும் தவறாமல் வந்து சேரும். மூச்சிரைப்பு முற்றி அம்மா படுத்த வருஷம், அவள் கடைசியாக அறுத்த கற்களைச் சுடுவதற்கு முன்பே அக்கா கேட்டு வாங்கி வந்தாள். அப்போதுதான் ஓவியக் கல்லூரியை முடித்திருந்தாள். வீட்டுப் பின்புறம் சிமெண்ட் இல்லாமல், விரல் தடங்கள் எல்லாம் வெளியே தெரியும்படி ஒரு சுவராக அடுக்கினாள். ஒரு மழைக்குக் கரைந்துவிடும் என்பதுதான் அந்தச் சுவரின் அர்த்தமே என்பாள். மேகம் கறுத்தால் தார்ப்பாயோடு முதலில் ஓடுகிறவளும் அவள்தான். கேலி செய்தால் முறைப்பாள்.

அந்தச் சுவரின் புகைப்படம் எப்படியோ தில்லிவரை போயிற்று. வெளிநாட்டில் நடக்கும் அந்தக் கண்காட்சியில் ஒவ்வொரு நாட்டுக்கும் தனி அரங்கம் உண்டு. நமக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது, போகிற வருஷம் வாடகைக்கு ஒரு கூடம் பிடிப்பார்கள். போகாத வருஷங்களே அதிகம். அந்த முறை போகிறோம், அக்காவின் சுவரும் போகிறது என்றார்கள். அரங்கத்துக்குப் பொறுப்பான அம்மாள் எங்கள் வீட்டுக்கே வந்தார். தில்லியில் குடியேறிய சென்னைக்காரர். கூட வந்தவர்கள் சுவரைப் பார்த்ததைவிடப் பட்டுக் கடையில் அதிக நேரம் இருந்தார்கள். காஞ்சிபுரத்துக்கு வந்துவிட்டு வேறு என்ன செய்வார்கள், குறை சொல்லவில்லை.

பொறுப்பாளர் அம்மாள் நல்லவர். விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். "பச்சை மண்ணை எந்த நாடும் உள்ள விடாதும்மா. பூச்சி, விதைன்னு பயப்படுவாங்க. சுட்டுட்டா பிரச்சினை இல்லை. இல்லன்னா இதே சுவரைப் பட்டுல நெய்து எடுத்துட்டுப் போலாம், உங்க ஊர் பேரும் வரும்."

அக்கா சிரித்தாள். "எங்க வூட்ல யாரும் தறியில உக்காந்ததே இல்ல மேடம். அந்தப் பேரை வச்சிக்கினு நான் எப்படிப் போய் நிக்கிறது?"

நாட்டின் பெயரால் போகிறவளால் நாட்டு மண்ணைக் கொண்டுபோக முடியாது. இதைச் சொல்லிச் சொல்லி அக்கா பல நாள் சாப்பிடாமல் கிடந்தாள். சுட்டால் எத்தனை வெடிக்கும் என்று சொல்ல முடியாது, இனி அறுத்துக் கொடுக்க அம்மாவின் கையிலும் தெம்பில்லை. படுக்கையில் இருந்த அம்மாவுக்கு மட்டும் இதில் ஒரு குழப்பமும் இல்லை. "கல்லுன்னா சூளைக்குப் போயித்தானே ஆவணும்? இதுக்கு இன்னாத்துக்குடி அழுதுக்கினு இருக்குற?" என்றாள்.

அக்கா சுட்டாள். பழைய மேஸ்திரியே சிறு சூளை போட்டுக் கொடுத்தார். பிரித்தபோது பாதிக்கு மேல் வெடித்திருந்தன. தப்பியவை சிவந்து, சற்றே சுருங்கியிருந்தன. முன்பெல்லாம் அக்கா நடுவிரலை மடக்கிக்கொண்டு மற்ற விரல்களை அம்மாவின் தடத்தில் வைத்துப் பார்ப்பாள், அச்சாகப் பொருந்தும். அன்று பொருந்தவில்லை. அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

பெட்டி செய்து, திருகி, லாரியில் ஏற்றி அனுப்பினோம். துறைமுகத்துக் கிடங்கில் அது கிடந்தபோது தில்லியிலிருந்து போன் வந்தது. இந்த முறை நாடு பங்கேற்கவில்லை. ஏன் என்று பொறுப்பாளர் அம்மாளுக்கே தெரியவில்லை, அவர் குரலும் அழுகிற குரலாகத்தான் இருந்தது. பெட்டி போன வழியே திரும்பி வந்தது. அடுத்த ஐப்பசி மழையில் அம்மா போய்விட்டாள். அக்கா தனியார் பள்ளியில் ஓவிய டீச்சர் ஆனாள். தங்கச்சியான நான் ஏனாத்தூருக்கு பஸ் ஏறி அலுவலக வேலைக்குப் போய்வந்தேன். கண்காட்சி நடக்கும் வருஷங்களில் பேப்பரில் நாடுகளின் பெயரைத் தேடுவேன். பெயரே கேள்விப்படாத தீவுகள் எல்லாம் போயிருக்கும். கொஞ்ச காலம் கோபம் வந்தது, பிறகு தேடுவதே அலுத்துவிட்டது.

போன மாதம் அக்காவுக்கு மறுபடி போன். புது ஆள், இளைஞன். இந்த முறை நாடு நிச்சயம் போகிறதாம். பழைய புகைப்படத்தைப் பார்த்தானாம். "சுடாத சுவராவே வேணும் மேடம். மண்ணுக்கு அனுமதியெல்லாம் நாங்க வாங்கிடறோம்."

"சுட்டாச்சு தம்பி."

"புதுசா செய்யலாமே மேடம்?"

"அறுத்த கை இல்லியேபா" என்று அக்கா போனை வைத்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவருமாக இன்வெர்ட்டரை இறக்கி, திரும்பி வந்த நாளிலிருந்து திறக்காத மூடியைக் கழற்றினோம். அக்கா ஒரு கல்லை எடுத்து, அந்தப் பாதி விரலின் குழியில் தன் விரலை வைத்துப் பார்த்தாள். "பின்னாடி பாத்ரூம் கட்டணும்னியே, இத எடுத்துக்க. அம்மா இருந்தா அதான் சொல்லும்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வேண்டாம் என்றேன். அவள் வற்புறுத்தவில்லை.

மூடியை வைத்துத் திருகினோம். இன்வெர்ட்டரைத் தூக்கப் போகும்போதுதான் பார்த்தேன். மூடியைப் புரட்டிப் போட்டிருக்கிறோம், நாட்டின் பெயர் கற்களைப் பார்த்தபடி உள்ளே போய்விட்டது. அக்காவிடம் சொன்னேன்.

"இருக்கட்டும் வுடுடீ" என்றாள். மறுபடி கழற்ற எனக்கும் தெம்பில்லை.