சட்டை குடித்த சத்தம்

ரோண்டா நீச்சல் குளத்தில் இறங்கினால் இந்த உல்லாசக் கப்பலில் தண்ணீரே மிஞ்சாது என்று வெய்ன் சொன்னதும் சாப்பாட்டு மேசை குலுங்கிச் சிரித்தது. ரோண்டாவும் சிரித்தாள். எப்போதும்போல முதலில் சிரித்தது அவள்தான்.

வெய்ன் அவளுடைய அக்கா க்ளெண்டாவின் கணவன். அமெரிக்காவில், விஸ்கான்சினில் ஃப்ரிட்ஜ் பழுதுபார்க்கிறவன். ஒவ்வொரு நவம்பரிலும் குடும்பம் கூடும் தேங்ஸ்கிவிங் விருந்தில் வான்கோழியை அறுத்துக்கொண்டே அந்த வருடத்து ரோண்டா கதையைச் சொல்வான். அவள் உட்கார்ந்து பிளாஸ்டிக் நாற்காலி உடைந்த கதை. அவள் எழுந்து நின்றதில் மீன்பிடிப் படகு சாய்ந்து, பீர் முழுவதும் ஏரிக்குள் போன கதை. எல்லாம் நடந்தவைதான். ஆனால் அவன் வாயில் போய்விட்டு வரும்போது ரோண்டா இரண்டு மடங்கு பெருத்திருப்பாள். அவளுடைய மகன் அந்தக் கதைகளைக் கேட்டுத்தான் வளர்ந்தான்.

ஊரில் ரோண்டா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். பனி கொட்டும் காலையில் சரிவான பாதையில் மஞ்சள் பேருந்தை இறக்கும்போது அவள் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. தலைக்கு மேலிருக்கும் நீளக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தால் போதும். ஆப்பிளை எறியக் கை ஓங்கிய பையன் சத்தமில்லாமல் அதைக் கடிக்க ஆரம்பித்துவிடுவான். குடும்ப மேசையில்தான் அந்தப் பார்வை செல்லுபடியாகாமல் போனது.

அன்று சிரித்து முடித்ததும் அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நாளைக்கு அந்த வயித்தடிப் போட்டி இருக்குல்ல? நானும் வர்றேன்."

குளத்தில் வயிறு பட விழ வேண்டும். யார் விழுகிற சத்தம் பெரிதோ அவருக்கே பரிசு. முந்தைய இரண்டு கப்பல் பயணங்களிலும் அதில் ஜெயித்தவன் வெய்ன். போன முறை பரிசாக வாங்கிய தங்க நிறப் பிளாஸ்டிக் பதக்கம் அப்போதும் அவன் கழுத்தில் கிடந்தது.

"அது ஆம்பளைங்க விளையாட்டு, ரோண்டா."

"இல்ல சார், யார் வேணா சேரலாம்" என்றான் பரிமாறிக்கொண்டிருந்த கெட்டுட். பாலித் தீவுக்காரன். "மிஸ் ரோண்டா, நான் உங்க பக்கம்."

வெய்ன் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். "சரி. நீ தோத்தா இந்தக் கதையைச் சாகுற வரைக்கும் சொல்லுவேன்."

"நான் ஜெயிச்சா?"

"ஜெயிச்சாத்தானே!"

"ஜெயிச்சா கதையை நான் சொல்லுவேன். அன்னைக்கு நீ வாயைத் திறக்கக் கூடாது."

மறுநாள் கப்பல் எந்தத் தீவிலும் நிற்கவில்லை. அதனால் கப்பலே குளத்தைச் சுற்றித் திரண்டிருந்தது. மேல்தளத்துக் கம்பிகளிலும் ஆட்கள் தொங்கினார்கள். எல்லாருக்கும் ஒரு கையில் ஐஸ் நிறைந்த பானம், மறு கையில் ஃபோன். மைக்கைப் பிடித்திருந்த ஜமைக்காக்காரன் கெமார் சாய்வு நாற்காலிகளிலிருந்து மூன்று பெண்களை இழுத்து வந்து நடுவர்களாக உட்கார வைத்தான்.

போட்டிக்கு வந்தவர்கள் ஐந்து பேர். ஆண்கள் நால்வரும் வெற்று மார்போடு நின்றார்கள். ரோண்டா மட்டும் சட்டையோடு நின்றாள். பயணத்துக்கென்று க்ளெண்டா எல்லோருக்கும் அச்சடித்துக் கொடுத்திருந்த 'கடலில் எங்கள் குடும்பம்' சட்டை அது. ஏறிய நாளிலிருந்து ரோண்டா அதைப் போட்டுக்கொண்டுதான் குளத்தில் இறங்கினாள்.

வெய்ன் கையை விரித்துப் பாய்ந்தான். பளார்! முன்வரிசை நனைந்து கத்தியது. ஒன்பது, ஒன்பது, எட்டு.

ரோண்டா பாய்ந்தாள். காற்றில் சட்டை பலூன்போல் உப்பியது. தண்ணீரைத் தொட்டபோது 'தொப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆறு, ஆறு, ஏழு.

"அழுக்கு மூட்டையை லாண்டரியில போட்ட மாதிரி இருந்துச்சு!" என்று வெய்ன் கத்தினான். அவன் ஃபோனில் அது பதிவாகிக்கொண்டிருந்தது.

மற்ற மூவரில் ஒருவர் பயத்தில் கடைசி நொடியில் பக்கவாட்டில் திரும்பிவிட்டார். ஒருவர் காலை முதலில் விட்டார். இன்னொருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்தார். ஆறு மதிப்பெண்கூட வாங்காத அவர்களைத் தாண்டி, முதல் இருவர் மட்டும் மோதும் இறுதிச் சுற்றுக்கு ரோண்டா வந்துவிட்டாள்.

அவள் ஏணியைப் பிடித்து நின்று சட்டையைப் பிழிந்தபோது கெமார் மைக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தான். "மிஸ் ரோண்டா, விழுந்த விதம் அருமை. சட்டைதான் சத்தத்தையெல்லாம் குடிச்சிருச்சு."

ரோண்டா சட்டையைப் பார்த்தாள். பிறகு தலைவழியாக உருவினாள்.

க்ளெண்டா ஓடிவந்தாள். "ஏய், என்னடி பண்ற? எல்லாரும் பார்க்குறாங்க!"

"பார்க்கத்தானே வந்திருக்காங்க. பிடி இதை."

ஊதா நிற நீச்சலுடை. அதில் பெரிய பெரிய மஞ்சள் பூக்கள். தோள், தொடை, வயிறு எல்லாமே வெயிலில் இருந்தன. மேல்தளத்தில் யாரோ விசிலடித்தார்கள். அது கேலியா பாராட்டா என்று அவள் யோசிக்கவில்லை. பேருந்தை நகர்த்துவதற்கு முன் கண்ணாடியைப் பார்ப்பதுபோல, கூட்டத்தை ஒருமுறை இடமிருந்து வலமாகப் பார்த்தாள். விசில் நின்றது.

வெய்ன் முதலில் பாய்ந்தான். நல்ல பாய்ச்சல்தான். ஒன்பது, ஒன்பது, ஒன்பது.

ரோண்டா மூன்று எட்டு பின்னால் போனாள். ஓடிவந்தாள். கைகள் விரிந்தன, உடம்பு பலகைபோல் நின்றது.

அந்தச் சத்தம் பக்கத்து பாரில் இசைத்துக்கொண்டிருந்தவர்களை நிறுத்திவிட்டது. குளத்துத் தண்ணீர் சுவர்போல் எழுந்து நடுவர்கள் மூவர்மேலும் விழுந்தது. நனைந்த முடியை விலக்கிவிட்டு மூவரும் பத்தையே தூக்கினார்கள். அப்புறம்தான் கூட்டத்துக்கு மூச்சு வந்தது. கப்பலே அதிரும்படி கத்தினார்கள்.

ரோண்டா ஏணியைப் பிடித்து மெல்ல ஏறி வந்தாள். வயிறு தக்காளியாகச் சிவந்திருந்தது. நிழலில் ஒரு நாற்காலியில் சாய்ந்தாள். பக்கத்து நாற்காலியில் வெய்ன் வந்து விழுந்தான். க்ளெண்டா பாரிலிருந்து ஐஸை இரண்டு துண்டுகளில் கட்டிக்கொண்டு வந்து ஆளுக்கொன்று வயிற்றில் வைத்தாள்.

"எரியுதா?" என்றான் வெய்ன்.

"நெருப்பா எரியுது. உனக்கு?"

"அம்மாடி, கேக்காத."

முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் வந்து ரோண்டாவோடு படம் எடுக்கக் கேட்டார்கள். சட்டை க்ளெண்டாவின் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது. ரோண்டா அதைத் திருப்பிக் கேட்கவில்லை, அப்படியே எழுந்து நடுவில் நின்றாள். படம் எடுத்துக் கொடுத்தவன் வெய்ன்.

அவர்கள் போனதும் தொண்டையைச் செருமினான். "தேங்ஸ்கிவிங்ல நான் ஆரம்பிச்சு வைக்கிறேன். சும்மா முதல் வரி மட்டும். முடிவை நீ சொல்லு."

"முடியாது."

"அந்த அழுக்கு மூட்டையாவது?"

"அதையும் நான்தான் சொல்லுவேன், வெய்ன். நீ வான்கோழியை அறு."