ஒலிபெருக்கி பேசாத காலை

சுனாமிக்கு அடுத்த வருஷம், மரக்காணம் பக்கத்து மீனவர் குப்பம் ஒன்றில் கடல்நிலை சொல்லும் கம்ப்யூட்டரைக் கவனித்துவந்தேன். அதில் விழும் செய்திகளை ஒலிபெருக்கி வாசிக்கும். "கடல் அமைதி" என்று அது ஓயாமல் சொன்னது எனக்கு வெறும் சத்தமாகப் பட்டது. சாதாரணத் தகவல்களை வடிகட்டிவிட்டு, எச்சரிக்கைகள் மட்டும் வரும்படி மாற்றினேன்.

மறுநாள் காலை, உப்பளமும் வானமும் ஒரே வெள்ளையாகக் கரைந்திருந்த வெளிச்சத்தில், குப்பமே மூட்டைகளோடு ரோட்டில் நின்றது.

"மேடம், மைக்கு பேசவே இல்லியே! கடலுக்கு இன்னா ஆச்சுங்க?" கைக்குழந்தையோடு நின்ற அஞ்சலை கேட்டாள்.

ஓடிப்போய்ப் பழையபடி மாற்றினேன். "கடல் அமைதி" என்றது ஒலிபெருக்கி. ஜன்னல் வழியே பார்த்தேன். அஞ்சலை ரோட்டோரமாகவே உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இப்போதெல்லாம் அம்மா போனில், "விசேஷம் ஒண்ணுமில்ல" என்றால், இன்னொரு தரம் சொல்லச் சொல்கிறேன்.