நெய்க்காரப்பட்டியில் பூத்த கனகாம்பரம்

சவரிமுத்து அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி காலைச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. போனில் பேசியவர் அவருடைய மனைவி பாக்கியம் மதினி. "கலா, ஒங்க அண்ணன் போயிட்டாரு. நெஞ்சு வலிக்குதுன்னாரு, தண்ணி மோந்துட்டு வாரதுக்குள்ள..." அந்த நிமிடம் எனக்குத் தோன்றியதை எழுதினால் வாசிப்பவர்கள் திட்டுவார்கள். திட்டட்டும். 'அப்படியானால் இனி எனக்குப் பதில் கிடைக்காது' என்றுதான் தோன்றியது. அழுகை பிறகுதான் வந்தது.

எலெக்ட்ரீஷியன் சங்கத்தார் நினைவு மலர் போடுகிறார்களாம். "நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுங்க மேடம். அவர ஒங்களவுக்கு யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார்கள். எனக்கு அவரை நன்றாகத் தெரியும் என்று ஒரு காலத்தில் நானும்தான் நம்பிக்கொண்டிருந்தேன். நல்ல வார்த்தைகளை எழுதுகிறேன். மற்றதையும் எழுதுவேன். அதை வெட்டுவதாக இருந்தால் மொத்தத்தையும் வெட்டிவிடச் சொல்லிவிட்டேன்.

தொண்ணூறுகளில் திண்டுக்கல்லில் மாடிக்கு மாடி டிவி ஆன்டெனா மாட்டியவர் சவரிமுத்து அண்ணன். உயரம் என்றால் அவருக்குப் பயமே கிடையாது. நான் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, நூற்பு மில்களில் மெஷின்களின் கணக்கை ஆபீஸ் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவரும் வேலையில் இருந்தேன். வேடசந்தூர் ரோட்டில் ஒரு மில்லுக்கு ரோட்டின் இந்தப் பக்கம் ஆபீஸ், அந்தப் பக்கம் புதிய ஷெட். ரோட்டைத் தோண்டிக் கேபிள் போட அனுமதி கிடைக்கவில்லை. அப்போதுதான் தொழிற்சாலைகளுக்கான ஒயர்லெஸ் ரேடியோக்கள் நம் பக்கம் வரத் தொடங்கியிருந்தன. இந்த மாடியில் ஒரு பெட்டி, ஓர் ஆன்டெனா. அந்த மாடியிலும் அதேபோல. இரண்டும் ஒன்றையொன்று நேராகப் பார்த்தால் கேபிள் இல்லாமலே தகவல் போய் வரும். மேலே ஏற ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டேன். வந்தவர் அவர். அந்த வேலை முடிந்ததும் இரண்டு பேருமாகச் சேர்ந்து, பெயர்களின் முதலெழுத்தை வைத்துப் பலகை எழுதிக் கடை போட்டோம்.

மேலே அவர், கீழே லேப்டாப்போடு நான். அதுதான் எங்கள் தொழில். ரேடியோ ஒவ்வொன்றுக்கும் பெயர், சேனல், பாஸ்வேர்ட் எல்லாம் நான் போட வேண்டும். ஒரே ஜோடியில் இருக்கும் இரண்டு ரேடியோவுக்கும் ஒரே பெயர் இருந்தால்தான் ஒன்றை ஒன்று அடையாளம் கண்டுகொள்ளும். எங்கள் கடை பூ மார்க்கெட் பக்கம் இருந்ததால் நான் பூப்பெயர்களாக வைத்தேன். முதல் மில்லுக்கு மல்லிகை. அடுத்ததற்குச் சம்பங்கி. "ஊரு ஒலகத்துல ரேடியோவுக்குப் பூப்பேரு வச்ச ஒரே ஆளு நீதான் தாயி" என்று அண்ணன் கேலி செய்வார். கேலி செய்தவர்தான் அதிலிருந்து ஒரு வழக்கத்தையும் உண்டாக்கினார். கம்பத்தில் நின்றபடி வாக்கி டாக்கியில், "பூத்துருச்சா?" என்பார். "செத்த இடது பக்கம் திருப்புங்கண்ணே... இன்னும் செத்த..." என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். சிக்னல் ஏறியதும், "பூத்துருச்சுண்ணே, எறங்கி வாங்க" என்பேன். அந்த வார்த்தையைக் கேட்காமல் அவர் இறங்கியதே இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தாலும் அங்கேயே நிற்பார்.

அவருடைய மனசு எப்படிப்பட்டது என்பதற்கு நத்தம் கதை ஒன்று போதும். புளியந்தோப்பு நடுவே ஒரு குடோனுக்கு ரேடியோ லிங்க் போட்டோம். பெயர் கனகாம்பரம். இலை உதிர்ந்திருந்த நேரத்தில் மாட்டியது, நன்றாக ஓடியது. மரம் தழைத்ததும் படுத்துவிட்டது. இலை அடர்ந்தால் ரேடியோ அலை தாண்டாது. முதலாளி, "குறுக்க நிக்கிற மரத்த வெட்டிருவோமா?" என்றார். அண்ணனுக்கு வந்ததே கோபம். "மரம் ஒங்க அப்பாரு வச்சதுங்கய்யா, கம்பம் நான் வச்சது. எதச் சுளுவா மாத்தலாம்? கம்பத்த ஒசத்தித் தாரேன், மரத்துல கைய வைக்காதீக" என்றார். கம்பத்தை உயர்த்தினார். கனகாம்பரம் மறுபடி பூத்தது.

நான் ஊரில் இல்லாத நாளில் ஏதாவது ரேடியோ மாற்ற வேண்டி வந்தால் அவர் திண்டாடக் கூடாதே என்று, அந்த நத்தத்து ரேடியோவின் மொத்த அமைப்பையும் ஒரு சிடியில் போட்டுக் கொடுத்திருந்தேன். பெயர், பாஸ்வேர்ட் எல்லாம் அதற்குள். கம்ப்யூட்டரில் போட்டு ஒரு பட்டனை அமுக்கினால் போதும், புது ரேடியோ தயார். வீட்டுச் சாவியைக் கொடுப்பதுபோலக் கொடுத்தேன்.

ஒரு வாரம் அவர் லீவு கேட்டார். "நத்தத்துல மாமியாருக்கு மேலுக்குச் சொகமில்ல தாயி, போய்ப் பாத்துட்டு வாரேன்" என்றார். சரி என்று நான் மட்டும் பழனிப் பக்கம் தொப்பம்பட்டிக்கு அப்பால் ஒரு மில்லுக்குப் போனேன். புது ரேடியோ மாட்டும் முன் அந்தப் பக்கத்துக் காற்றில் ஏற்கெனவே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது வழக்கம். மாடியில் லேப்டாப்பை விரித்தேன். திரையில் ஒரு பெயர் வந்தது. கனகாம்பரம்.

நத்தம் எங்கே, பழனிப் பக்கம் எங்கே! நத்தத்துப் பூ அங்கே எப்படிப் பூக்கும்? ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் நெய்க்காரப்பட்டித் திசையில்தான் சிக்னல் கூடியது. பஸ் பிடித்துப் போனேன். ஒரு மில் மாடியில் புதுக் கம்பம் பளபளவென்று நின்றது. மழைத்தண்ணீர் வழிந்து பெட்டிக்குள் போகாமலிருக்கக் கேபிளைக் கீழே ஒரு வளைவு விட்டு மேலே ஏற்றுவார்கள். அந்த வளைவை அப்படி வட்டமாக விடுகிற கை ஒன்றே ஒன்றுதான். மில் எலெக்ட்ரீஷியன் கந்தசாமி வெள்ளந்தியாகச் சொன்னார்: "ஏனுங்க, உங்களுக்குத் தெரியாதுங்களா? நம்ம சவரிமுத்தண்ணன்தாங்க மாட்டுனாரு. கோயமுத்தூர் கம்பெனிக்காரங்களோட வந்தாருங்க. இனி இந்தப் பக்கம் பூரா அவங்கதானுங்களாமா."

திங்கட்கிழமை அண்ணன் கடைக்கு வந்தார். கையில் ஒரு பை நிறைய நத்தம் மாம்பழம். பொய்க்குத் துணையாக மாம்பழம்!

"மாமியாருக்கு எப்பிடிண்ணே இருக்கு?"

"தேவல தாயி. கஞ்சி குடிக்கிறாக."

"நெய்க்காரப்பட்டியில கனகாம்பரம் நல்லாப் பூத்துருக்காம்ல?"

பையைக் கீழே வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார். "செத்த பொறு தாயி. சொல்றேன்" என்றார். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். பீடி பிடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். திரும்பி வரவே இல்லை.

அதன் பிறகு எங்கள் மில்கள் ஒவ்வொன்றாக அந்தக் கம்பெனிக்குப் போயின. ஏற ஆள் இல்லாமல் நான் அல்லாடினேன். பலகையில் இருந்த அவருடைய எழுத்தின் மேல் நானே பெயின்ட் அடித்தேன். ஆனாலும் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு மனசைத் தேற்றினேன். கம்பெனிக்காரர்கள் இழுத்த இழுப்புக்குப் போயிருக்கிறார். கம்ப்யூட்டர் தெரியாத மனுஷர். சிடியைப் போட்டுப் பட்டனை அமுக்கியதுதான் அவர் செய்தது. பூப்பெயரைக்கூட மாற்றத் தெரியவில்லை, பாவம் என்று. கல்யாண வீடுகளில் எதிரே வந்தால் அவர் தலையைக் குனிந்துகொள்வார். ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில் மட்டும், "நல்லாருக்கியா தாயி?" என்றார். "இருக்கேன்" என்றேன். சொல்லிவிடுவார் என்று நின்றேன். பஸ் வந்தது, ஏறிவிட்டார்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். கல்லறைத் தோட்டத்தில் ஒரு பிடி மண்ணும் போட்டேன். அதற்கு அடுத்த வாரம் நெய்க்காரப்பட்டி மில்லிலிருந்து கந்தசாமி போன் செய்தார். "மேடம், காத்துல கம்பம் திரும்பி லிங்க் நின்னு போச்சுங்க. கம்பெனில யாரும் போனே எடுக்கறதில்லீங்க. செத்த வந்து பாக்குறீங்களா?" மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். போனேன்.

என் பழைய பாஸ்வேர்டைப் போட்டேன். திறந்துகொண்டது. மாற்றத் தெரியவில்லை பாவம் என்று மறுபடியும் நினைத்தேன். ஒவ்வொரு ரேடியோவிலும், கோளாறு என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதி வைக்க ஓர் இடம் உண்டு. நான்கு பக்கம் தாண்டி உள்ளே போனால்தான் அது கண்ணில் படும். அந்தச் சிடியில் அங்கே என் பெயரும் நம்பரும் இருந்தன. இப்போது பார்த்தால் என் பெயர் இல்லை. அவர் பெயர் இருந்தது, ஆங்கிலத்தில் ஓர் எழுத்துப் பிசகோடு. பிசகை வைத்தே சொல்லலாம், அவர் கையால் அடித்ததுதான். அவருடைய நம்பரும் இருந்தது.

தெரிந்திருக்கிறது! அவ்வளவு தூரம் உள்ளே போகத் தெரிந்திருக்கிறது, தேடிப்பிடித்து என்னை அழிக்கத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷமும் பாவம் பாவம் என்று நான் இரங்கியது யாருக்கு? அந்த மாடியில் உட்கார்ந்து, செத்தவரை வாய்விட்டுத் திட்டினேன். என்னை அழித்தவர் பூவை மட்டும் ஏன் விட்டுவைத்தார் என்பதும் புரியவில்லை. என்னை வேண்டாம், என் பூ மட்டும் வேண்டுமா?

கந்தசாமி கம்பத்தில் ஏறி ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டார். செத்த இடது, இன்னும் செத்த என்று சொல்லிக்கொண்டே வந்தேன். சிக்னல் மடமடவென்று ஏறியது. "ஆச்சுங்களா மேடம்?" என்று மேலேயிருந்து குரல். என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது: "பூத்துருச்சுண்ணே, எறங்கி வாங்க."

"என்னங்க பூத்துச்சு?" என்றார் கந்தசாமி.

அவர் பெயரை அழித்து என் பெயரைப் போட ஒரு நிமிடம்கூட ஆகாது. கை வரவில்லை. அப்படியே விட்டுவிட்டு லேப்டாப்பை மூடினேன்.

அண்ணே, என் வார்த்தை இல்லாமல் நீங்கள் ஒரு கம்பத்திலிருந்தும் இறங்கியதில்லை. இந்தத் தடவை கேட்காமலே போய்விட்டீர்கள். செத்த பொறு என்றீர்கள், பொறுத்தேன். பூத்துருச்சுண்ணே. எறங்கி வாங்க. வந்து, சொல்றேன்னு சொன்னதச் சொல்லிட்டுப் போங்க.