நாசர் இக்காவின் நண்பருக்கு உறக்கமில்லை

இன்று கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகு வாங்கப் போனேன். கடைக்கார நாசர் இக்கா தராசைத் தொடாமல் என் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மோளே, நீ ஏதோ மனசு சமாச்சாரம் எழுதுற சைட்டு இருக்குல்ல, அதைக் கொஞ்சம் காட்டு. எனக்கில்ல, ஒரு நண்பனுக்கு. பாவம், உறக்கமே இல்ல. நெஞ்சு படபடன்னு அடிக்குதாம்."

பெருமையாகத் திறந்து கொடுத்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் எழுதியவர் பெயர் இருக்கும், டாக்டர்கள் சரிபார்த்த பிறகுதான் போடுவோம் என்று அடுக்கினேன்.

அவர் அந்த டாக்டர்களின் பட்டங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. மூட்டையின் மேலே கிடக்கும் மிளகை நம்பாமல் நடுவில் கைவிட்டு அள்ளிப் பார்க்கிற மனிதர். முகப்பை விட்டுவிட்டு உள்ளே உள்ளே போனார்.

"மருந்து ஏதும் விக்குதா?"

"இல்ல இக்கா."

"வாசிக்கிறவன் பேரு, போன் நம்பர் கேக்குமா?"

"கேக்காது."

முகம் மலர்ந்துவிட்டது. "எழுதினவன் பேரு இருக்கு, வாசிக்கிறவன் பேரு வேண்டாம். கொள்ளாமே, நல்லாருக்கே!"

பிறகு, 'இது பல வாரம் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்' என்ற வரியில் வெகுநேரம் நின்றார். மிளகைப் பொட்டலம் கட்டி என் கையில் கொடுத்தார்.

"நண்பன் திங்கக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போறான். அன்னிக்குக் கடை லீவு. நீ வந்து அலையாதே, கேட்டியா?"

தலையாட்டினேன். நண்பரின் பெயரை நானும் கேட்கவில்லை.

சரி, உங்கள் நண்பர்கள் எல்லாம் ஒழுங்காக உறங்குகிறார்களா?