ஆறுச்சாமி பூட்டிய டேங்க்

என் சித்தப்பா ஆறுச்சாமிக்குத் துடியலூரில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில், பம்புகளை ஓட்டிப் பார்த்து அனுப்பும் பிரிவில் வேலை. எங்கள் தாத்தா காலமெல்லாம் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போனவர். அவர் மகன் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுக் கார் செய்கிறான் என்று தெரிந்தபோது ஊரில் யாரும் சிரிக்கவில்லை. எந்தக் கம்பெனியில் தூக்கிய சாமானோ என்றுதான் பேசிக்கொண்டார்கள். ஒரு நாள் போலீஸ்காரர் ஒருவரே வந்து கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் வாங்கிய பியட் காரின் அடிச்சட்டத்தையும் எஞ்சினையும், தானே தட்டி வளைத்த தகரத்தையும் சித்தப்பா பொறுமையாக ஒவ்வொன்றாகக் காட்டினார். போலீஸ்காரர் நம்பினாரா என்பது தெரியாது. இப்படி எல்லோராலும் சந்தேகிக்கப்பட்ட மனிதர் தானும் ஒருவனைச் சந்தேகப்பட்டார். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூற்று ஐந்தில் அவர் மகள் இளவேனிலை மேட்டுப்பாளையத்தில் கொடுப்பதாக முடிவானது. கல்யாணம் மாப்பிள்ளை ஊரில். பெண்ணைத் தன் கையால் செய்த காரில்தான் கூட்டிப்போவேன் என்று சித்தப்பா சொல்லிவிட்டார். ஆனால் காருக்கு ஒரு கெட்ட பழக்கம். துடியலூருக்குள் சுற்றும்போது பூப்போல ஓடும். மேட்டுப்பாளையம் சாலையில் பெரியநாயக்கன்பாளையம் தாண்டியதும் இருமி இருமி நின்றுவிடும். எஞ்சினுக்குப் பெட்ரோல் வரவில்லை. சித்தப்பா பெட்ரோல் பம்பைக் கழற்றினார். உள்ளே இருக்கும் ரப்பர் தகட்டை மாற்றினார். குழாயை வாயால் ஊதினார். பம்பில் ஒரு குறையும் இல்லை. பம்பிலேயே பிறந்து வளர்ந்ததுபோல் இருந்த மனிதர், பம்பில் குறை இல்லையென்றால் ஆளிடம்தான் குறை என்று முடிவு கட்டினார்.

அந்த ஆள், சித்தியின் தம்பி வேலுமணி. லாரி ஷெட்டில் வேலை. இன்னும் கல்யாணமாகாதவர். முறைப்படி இளவேனில் அவருக்கு உரியவள். அவர் வாய் திறந்து கேட்கவில்லை, யாரும் அவரிடம் கேட்கவுமில்லை. வெளியில் கொடுப்பது என்று முடிவான பிறகு அடிக்கடி கொட்டகைக்கு வந்து காரைத் துடைத்துவிட்டுப் பேசாமல் போனார். அந்தப் பேசாமைதான் சித்தப்பாவைக் குடைந்தது. பெட்ரோலை உறிஞ்சுகிறானா, தண்ணீர் கலக்கிறானா? கார் நிற்கும்போதெல்லாம் சித்தப்பா முதலில் செய்வது டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டு அளப்பதுதான். அளவு சரியாக இருக்கும். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு மோந்து பார்ப்பார். நல்ல பெட்ரோல். மூடிவிட்டு ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல் கார் கிளம்பும். அது அவர் சந்தேகத்தை இன்னும் வளர்த்தது. கடைசியில் மூடிக்கு ஒரு கொண்டி வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார்.

கல்யாணத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மேட்டுப்பாளையம் வரை ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. வேலுமணியையும் வரச் சொன்னார். கண்ணெதிரே வைத்துக்கொள்ளத்தான். எங்கள் சொந்தத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான், அதுவும் இயற்பியலில். நான் சொன்னால் சித்தப்பா கேட்பார் என்று சித்தி பழனியாத்தாள் நம்பினார். கிளம்பும்போது என்னைச் சுவரோரம் இழுத்துப் போனார்.

"மாமன் நெத்தியில பட்டம் கட்டாம எம்புள்ளைய மணவறைக்குக் கூப்பிட மாட்டாங்க கண்ணு. எனக்கு இருக்கறது ஒரே தம்பி. உங்க சித்தப்பன் அவன ஒரு வார்த்த கேட்டுப்போடாம பாத்துக்க."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். காரமடைக்கு இந்தப் பக்கம் கார் நின்றது.

சித்தப்பா இறங்கினார். பூட்டு பூட்டியபடி இருந்தது. அதனால் டேங்க்கைத் திறக்கவில்லை. பம்பிலிருந்து போகும் குழாயைக் கழற்றிவிட்டு, பம்பின் அடியிலுள்ள கைநெம்பை மேலும் கீழும் அடித்தார். ஒரு சொட்டு வரவில்லை. நான் அவர் தோளைத் தொடுவதற்குள் வேலுமணி பக்கம் திரும்பிவிட்டார்.

"என்னத்தடா பண்ணுன மாப்ளே? புள்ள கெடைக்கலீன்னு வண்டிய நிறுத்தறயா?"

சாலையோரம் பாக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேலுமணி கார் சக்கரத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"சாவி உங்க இடுப்புலதானுங்களே மச்சான் இருக்குது. தொறந்து பாருங்க."

சித்தப்பா பூட்டைத் திறந்து மூடியைத் திருகினார். புஸ்ஸென்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. மூன்று பேருக்கும் கேட்டது. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. பழைய மூடியில் காற்று போக ஊசித் துளை ஒன்று இருந்திருக்கும். எங்கே என்று கேட்டேன். பெட்ரோல் வாசம் போகிறது என்று ஈயம் வைத்து அடைத்து, சுற்றிலும் டியூப் ரப்பரும் போட்டதாகச் சித்தப்பா சொன்னார். உறிஞ்சும் பக்கம் எங்கும் காற்று புகக் கூடாது என்பதுதான் பம்புக்காரர்கள் முதலில் படிக்கும் பாடம். ஆனால் அவர்களுடைய பம்பு உறிஞ்சுவது வாய் திறந்து கிடக்கும் கிணற்றில். இங்கே தூரம் போய்ப் பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வழியில்லை. உள்ளே வெற்றிடம் ஏறி, பம்பு தோற்றுப்போகிறது. சந்தேகப்பட்டு அவர் மூடியைத் திறந்த ஒவ்வொரு முறையும் அவரே அதைச் சரிசெய்திருக்கிறார்.

நான் இதைச் சொல்லி முடித்ததும் சித்தப்பா கைநெம்பை அடித்தார். பெட்ரோல் பீய்ச்சியடித்தது. அவர் நிமிர்ந்து பார்த்தபோது வேலுமணி எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார். ஏறிப் போய்விட்டார்.

அதன்பின் அவர் துடியலூர் வீட்டுக்கு வரவில்லை. சித்தி போய்ப் பார்த்தார், நான் போனேன். காப்பி கொடுத்து அனுப்பினார், வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. சித்தப்பா மட்டும் போகவில்லை. என்ன முகத்தோடு போவது என்றார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் பிற்பகல் பெண்ணோடு கிளம்பினோம். மூடியில் புதுத் துளை. கார் எங்கும் நிற்காமல் மேட்டுப்பாளையம் போய்ச் சேர்ந்தது. எங்கள் ஆட்கள் அதைச் சுற்றி நின்று தொட்டுப் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், பொண்ணுக்கு மாமன் எங்கே என்று கேட்டார். சித்தப்பா காரை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனார். நானும் ஏறிக்கொண்டேன்.

கோயமுத்தூர் பஸ்கள் வந்து வந்து காலியாகின. ஒவ்வொரு முறையும் அவர் கடைசி ஆள் இறங்கும்வரை படியையே பார்த்தார். வெளிச்சம் மங்கும் நேரத்தில் வேலுமணி இறங்கினார். கையில் மஞ்சள் துண்டு போர்த்திய சீர்த் தட்டு. சித்தப்பா முன்னே போய் நின்றார். வேலுமணிதான் கேட்டார்.

"வழியில நின்னுச்சுங்களா மச்சான்?"

"இல்ல மாப்ளே."

"அப்பச் செரிங்க."

சித்தப்பா காரின் முன்கதவைத் திறந்து பிடித்தார். வேலுமணி அதைச் சுற்றிக்கொண்டு கல்யாண மண்டபத்தை நோக்கி நடந்தார். சித்தப்பா சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, அவருக்கு ஓரடி பின்னால் நடந்தே போனார்.